"என்னால் ஆகாது" என்கிறாயா?



குமாரலிங்கபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் வீடு வீடாய் ஜெபிக்கப் போகிறபோது அடிக்கடி என் காதில் விழுகிற வார்த்தை ஒன்று உண்டு. "நம்மளால என்ன ஆகும் பாஸ்டர்?" பெயிலான பையனும் அதைத்தான் சொல்லுகிறான். வட்டி கட்ட முடியாத தகப்பனும் அதைத்தான் சொல்லுகிறார். வரன் தட்டிப்போன மகளும் வாய்க்குள்ளே அதைத்தான் முணுமுணுக்கிறாள். கேட்பதற்குத் தாழ்மை மாதிரி இருக்கும். தாழ்மை வேறே, இது வேறே. தாழ்மையுள்ளவன் தேவனைப் பெரியவராய்ப் பார்க்கிறான். இவனோ தன்னையே அளந்து அளந்து பார்த்து, அளவு பத்தவில்லையென்று திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறான்.

நியாயாதிபதிகள் 6-ம் அதிகாரத்தில் கிதியோனைப் பாருங்கள். மீதியானியருக்குப் பயந்து, களத்தில் அடிக்கவேண்டிய கோதுமையை ஆலைக்குப் பக்கத்தில் ஒளிந்து அடிக்கிறான். தூதனானவர் வந்து அவனைப் பராக்கிரமசாலி என்று கூப்பிடுகிறார். இவன் உடனே வீட்டு நிலவரத்தை விரிக்கிறான்: கோத்திரத்திலே எங்கள் குடும்பம் எளியது, குடும்பத்திலே நான் கடைசி. "எங்கப்பா படிக்கல, எங்களுக்கு நிலம் கிடையாது" என்கிற நம்ம ஊர்ப் பையன் பேச்சேதான்! கர்த்தர் அந்தக் கணக்கைத் தப்பு என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? தாம் கூட வருவதாக மாத்திரம் வாக்குக் கொடுக்கிறார். அதற்குப் பிறகும் அவன் தோலைப் போட்டு இரண்டு தரம் சோதித்துப் பார்த்தான். ஆண்டவர் பொறுத்துக்கொண்டார்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நம்மில் அநேகர் போயிருக்கிறோம். அங்கே டாக்டர் மேரி வர்கீஸ் என்ற சகோதரி இருந்தார்கள். 1925-ல் கேரளத்தில் பிறந்தவர்கள். 1954-ல் ஒரு வாகன விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமற்போயிற்று. முகத்திலும் பலத்த காயம். நிற்க முடியாத டாக்டர் எப்படி ஆபரேஷன் செய்வது? இனி நான் எதற்கு என்ற எண்ணம் வந்தால் யார் குற்றம் சொல்ல முடியும்? அப்பொழுது டாக்டர் பால் பிராண்ட் ஒரு வழி காட்டினார். தொழுநோயில் நரம்பு கெட்டு விரல்கள் மடங்கிப்போகும். வேலை செய்கிற தசைநாரை இடம் மாற்றித் தைத்தால் விரல் மறுபடி நிமிரும். கையில் செய்கிற அந்த ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாம்! சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேரி வர்கீஸ் அதைச் செய்தார்கள். பிறகு அமெரிக்கா வரைக்கும் போய்ப் பயிற்சி பெற்று வந்து, தம்மைப்போல் முடங்கினவர்களுக்காக வேலூரில் மறுவாழ்வுத் துறையை நடத்தினார்கள். 1966-ல் அதற்கென்று தனி நிலையமே திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ பட்டம். 1986-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். அவர்களுடைய கால்கள் கடைசிவரை பழையபடி ஆகவில்லை. நான் தெய்வீக சுகத்தைப் பிரசங்கிக்கிறவன், இன்றைக்கும் பிரசங்கிக்கிறேன். ஆனால் சுகம் வராதவர்களைப் பார்த்து "உனக்கு விசுவாசம் பத்தல" என்கிற பேச்சு ஜெபக்கூட்டங்களில் புகுந்திருக்கிறது. ஏற்கெனவே நொந்தவன்மேல் இன்னொரு கல் அது. தயவுசெய்து நிறுத்துங்கள்.

நம்பிக்கையைப்பற்றிக் கரிசல் ஜனங்களுக்கு நான் என்ன பெரிதாய்ச் சொல்லிக்கொடுக்கப்போகிறேன்? ஒரு சொட்டு மழை விழாதபோதே புரட்டாசியில் புழுதியில் விதைக்கிறீர்களே! மானாவாரி நிலம். ஐப்பசி மழை இறங்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. போன வருஷம் பொய்த்ததென்று விதைப்பெட்டியை யாராவது அடுப்பில் வைத்தீர்களா? அந்தப் பொறுமையைப் பெற்ற பிள்ளைக்கு ஏன் கொடுக்கிறதில்லை? பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனவுடனே "நீ உருப்படமாட்டே" என்கிறீர்கள். துணைத்தேர்வு இருக்கிறது, எழுதட்டுமே.

செத்துப்போகலாம்போல் இருக்கிறது என்று நினைக்கிற மகனே, மகளே, எலியாவுக்கே சூரைச்செடியின்கீழ் அப்படித் தோன்றினது. ஆண்டவர் அவனைத் திட்டவில்லை. முதலில் தூங்கவைத்து, அடையும் தண்ணீரும் கொடுத்தார். ராத்திரி எத்தனை மணியானாலும் என் வீட்டுக் கதவைத் தட்டு. டாக்டரிடமும் போ, அது அவிசுவாசம் அல்ல.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வரும்போது, எதை "ஆகாது" என்று விட்டுவிட்டாயோ அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வா. பெயர் போடவேண்டாம். சேர்ந்து ஜெபிப்போம். சனிக்கிழமை காலையில் அதில் ஒரு சின்ன வேலையைத் தொடங்கிவிட்டு வந்து எனக்குச் சொல்லு.