கவசத்துக்கு அடியில் இருந்த மூவர்

கோயிலில் இருந்த திருவுருவம் அருங்காட்சியகத்துக்குப் போனால் அதன் புனிதம் போய்விடுமா? மாஸ்கோவின் திரெத்தியாகோவ் கலைக்கூடத்தில் 1929 முதல் 2023 வரை இருந்த ஒரு மரப்பலகையை வைத்து இந்தக் கேள்வியை ஆராயலாம். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்திரேய் ரூப்லியோவ் என்ற துறவி, மாஸ்கோவுக்கு வடக்கே உள்ள திரித்துவ செர்கியஸ் மடத்துக்காக வரைந்த 'திரித்துவம்' அது. விவிலியக் கதையில் ஆபிரகாமைத் தேடி வந்த மூன்று தேவதூதர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு கிண்ணம். விருந்து படைத்த ஆபிரகாமையும் அவர் மனைவி சாராளையும் ரூப்லியோவ் வரையவில்லை. ஆகவே கதை விலகிக்கொள்கிறது. ஒருவர்பால் ஒருவர் தலைசாய்த்த மூன்று முகங்களும் அந்த ஆழ்ந்த நீல ஆடைகளும்தான் மிஞ்சுகின்றன.

அருங்காட்சியகத்துக்கு எதிரான வலுவான வாதத்தை 1918-இல் எழுதியவர் பாவெல் ஃப்ளோரென்ஸ்கி என்ற பாதிரியார். வழிபாடு என்பது பல கலைகள் சேர்ந்த ஒரே கலை. அசையும் விளக்கொளி, சாம்பிராணிப் புகை, பாட்டு, குருவின் நடை எல்லாம் சேர்ந்த இடத்தில்தான் திருவுருவம் உயிரோடு இருக்கிறது, பிரித்தெடுத்தால் அது செத்த பொருள் என்றார் அவர். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. புரட்சிக்குப் பின் வந்த புதிய சோவியத் அரசு மடங்களை மூடிக்கொண்டிருந்த காலம் அது. 'திரித்துவம்' கலைக்கூடத்துக்கு வந்ததும் மடத்தின் விருப்பத்தால் அல்ல. அந்த அநீதியை மறைத்துவிட்டு அருங்காட்சியகத்தைப் புகழ்வது நேர்மையாகாது.

ஆனால் மடத்தில் இருந்தபோது அந்த ஓவியத்துக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மேலே பூசிய ஆளிவிதை எண்ணெய் சில பத்தாண்டுகளிலேயே கறுத்துவிடும்; மெழுகுவர்த்திப் புகையும் சேர்ந்துகொள்ளும். கறுத்த உருவத்தின் மேல் பின்வந்தவர்கள் மீண்டும் மீண்டும் வரைந்தார்கள். அதற்கும் மேல், முகமும் கைகளும் மட்டும் தெரியும்படி பொற்கவசம் சாத்தினார்கள். எல்லாம் பக்தியால் செய்ததுதான். விளைவு, தலைமுறை தலைமுறையாக மக்கள் முழந்தாளிட்டது ரூப்லியோவின் கோடும் வண்ணமும் கண்ணுக்கே தெரியாத ஒரு படத்தின் முன். 1904-இல் குரியானோவ் என்ற புதுப்பிப்பாளர் கவசத்தைக் கழற்றி மேற்பூச்சுகளை அகற்றத் தொடங்கினார். 1918-19-இல் அந்தப் பணி முழுமை பெற்றது. இந்த ஓவியம் இருப்பதையே கடவுள் இருப்பதற்குச் சான்றாக ஃப்ளோரென்ஸ்கி எழுதியது அதற்குப் பிறகு, 1922 வாக்கில். அவருக்கு அந்தச் சான்றைக் கண்ணில் காட்டியது விளக்கொளி அல்ல, புதுப்பிப்பாளரின் பொறுமையான கை.

பார்ப்பது வேறு, வழிபடுவது வேறு என்று மறுக்கலாம். உருவத்துக்குச் செய்யும் மரியாதை மூலவரைச் சென்றடைகிறது என்று 787-ஆம் ஆண்டின் நிக்கேயா திருச்சபைச் சங்கம் வகுத்தது. முத்தமும் விளக்கும் தூபமும்தான் அதற்கு முறை. சரி. ஆனால் அதே விதிப்படி, முறையாக எழுதிய பிரதிக்குச் செய்யும் மரியாதையும் மூலவரைத்தான் சேரும். மூல ஓவியம் கலைக்கூடத்தில் இருக்க, மடத்தின் பீடத் தடுப்பில் அதன் பிரதி இருந்த காலத்தில் அங்கே வழிபாடு குறைவுபட்டது என்று எந்த இறையியலும் சொல்ல முடியாது. இல்லை, முன்னோர் கண்ணீர் விட்ட இதே பலகைதான் வேண்டும் என்பவர்களின் ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பலகையின் மேல் அவ்வளவு அன்பு உள்ளவர் அதன் உடல்நிலையைக் கேட்காமல் இருக்க முடியுமா? 2022-இல் அது சில நாள் மடத்துக்குப் போய்த் திரும்பியபோது, அதன் நிலையில் பல மாற்றங்களைக் கலைக்கூட நிபுணர்கள் பதிவு செய்தார்கள். அறுநூறு வயதான மரம் ஈரப்பத மாற்றத்தில் சுருங்கி விரிகிறது. அதன் மேல் ஒட்டியிருக்கும் வண்ணம் அதோடு சேர்ந்து அசையாது, உரிந்துவிடும். அந்த நிபுணர்களின் எச்சரிக்கையை மீறித்தான் 2023-இல் அதைத் திருச்சபைக்குக் கொடுத்தார்கள்.

இரண்டையும் இணைக்க வழி இல்லாமல் இல்லை. கலைக்கூடத்தோடு சேர்ந்த தொல்மாச்சி புனித நிக்கோலாஸ் தேவாலயத்தில், 'விளாதிமீர் அன்னை' திருவுருவத்தை 1999-இல் ஈரப்பதமும் வெப்பமும் கட்டுப்படுத்திய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அங்கே திருப்பலி நடந்தது, மக்கள் வந்து வணங்கினார்கள். திரித்துவத் திருநாளில் ரூப்லியோவின் ஓவியத்தையும் சில எட்டு தூரத்தில் இருக்கும் அதே ஆலயத்துக்குக் கொண்டுவருவது வழக்கமாக இருந்தது. அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டது பக்திக்கும் இழப்பு என்றே நான் கருதுகிறேன்.