அளவும் நியாயமும்

ட்ருகனினாவில் புதுவீடு வாங்கப் போகிறவர் ஒரு மாலைக்குள் பல தடவை அளவை முறை மாறுகிறார். மனையின் பரப்பைச் சதுர மீட்டரில் சொல்வார்கள். அதில் எழும்பப் போகும் வீட்டை 'ஸ்குவயர்' கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்குவயர் என்றால் 100 சதுர அடி. உள்ளே தொங்கும் தொலைக்காட்சி அங்குலத்தில். அவுஸ்திரேலியா மெட்ரிக் மாற்றுச் சட்டத்தை நிறைவேற்றியது 1970இல். 1974 ஜூலையில் வீதிப் பலகைகள் கிலோமீட்டருக்கு மாறின. அரை நூற்றாண்டாகியும் அடி ஒழியவில்லை. எங்கள் வீடுகளிலும் அதே கதைதான். பிள்ளையின் உயரம் பாடசாலைப் படிவத்தில் சென்டிமீட்டர். கலியாணப் பேச்சு வந்தால் அடியும் அங்குலமும். தாலிக்கொடி எப்போதும் பவுன்தான்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பெருக்கிப் பார்த்தால் சரிதானே என்று கேட்கலாம். கணக்கின்படி சரி. ஒரு மைலும் 1.609 கிலோமீட்டரும் ஒரே தூரம். ஆனால் ஓர் அளவை இரண்டு வேலை செய்கிறது. எவ்வளவு என்று சொல்கிறது. அதற்கு முன்பே, எதை எண்ணவேண்டும் என்றும் தீர்மானித்துவிடுகிறது. பெருக்கல் முதலாவதை மட்டுமே காப்பாற்றும்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் பாருங்கள். அங்கே நிலம் பரப்பில், லாச்சத்தில் எழுதப்பட்டிருக்கும். வரகு விளையும் மேட்டுநிலத்தில் 18 குழி ஒரு பரப்பு. நெல்வயலில் 12 குழியே ஒரு பரப்பு. ஒரே பெயர், இரண்டு விஸ்தீரணம். இன்றைய பிள்ளைக்கு இது குழப்பமாகத் தெரியும். விதைப்பைக் கொண்டு நிலத்தை மதித்தவர்களுக்கு இது குழப்பமல்ல. அவர்கள் கேட்டது நிலம் எவ்வளவு அகலம் என்றல்ல, அதில் என்ன விதைக்கலாம் என்று. அந்தக் கேள்வி சதுர மீட்டருக்குள் வருவதில்லை.

இதைச் சொல்லிவிட்டுப் பழைய அளவைகளுக்காகக் கண்ணீர் விடுவதும் நேர்மையல்ல. ஊருக்கு ஊர் மாறும் அளவை, வலியவன் கையில் ஆயுதமாகவும் இருந்தது. வாங்கும்போது பெரிய மரக்கால், கொடுக்கும்போது சின்ன மரக்கால் என்ற குறை பழங்கதையல்ல. 1789இல் பிரெஞ்சு மக்கள் அரசனுக்கு எழுதிய முறைப்பாடுகளில் நாடு முழுவதற்கும் ஒரே அளவை வேண்டும் என்ற கோரிக்கை இருந்தது. மெட்ரிக் முறை அந்தக் காலத்தின் பிள்ளை. நம்மவர்களும் இதை அறிந்தவர்கள்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னை நிறுத்த கல்லுக்கு 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயரே வைத்திருக்கிறார்கள். திருவள்ளுவர் நடுவு நிலைமைக்கு உவமை தேடியபோது தராசைத்தான் எடுத்தார்.

பொது அளவையால் அதிகம் பயன் அடைகிறவர் ஊருக்குப் புதியவர். இங்கே பெரிய பல்பொருள் அங்காடிகள் 100 கிராமுக்கு என்ன விலை என்று தட்டிலேயே எழுதவேண்டும். 2009 டிசம்பரிலிருந்து அது கட்டாயம். கடைக்காரரைத் தெரியாமல், பேரம் பேச மொழி போதாமல் வந்து நிற்கிறவருக்கு அந்தச் சிறு எண் ஒரு மரியாதை. யாரையும் தெரியாதவரும் ஏமாறாமல் இருக்கலாம் என்பது சிறிய அறமல்ல.

ஆனால் அது எதுவரைக்கும் போகும்? நான் வாழும் இந்தப் புறநகரின் பெயர் ட்ருகானினி என்ற தாஸ்மேனிய ஆதிகுடிப் பெண்ணின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். அவர் 1876இல் இறந்தார். அவருடைய எலும்புக்கூட்டை ஹோபார்ட் அருங்காட்சியகம் 1947 வரை காட்சிக்கு வைத்திருந்தது. சாம்பல் கடலில் கரைக்கப்பட்டது 1976இல், நூறு வருடம் கழித்து. இந்தக் கரையில், 1837இல், ராபர்ட் ஹொடில் மெல்பேர்ண் நகரை 66 அடிச் சங்கிலியால் அளந்தார். பெரிய வீதிகளுக்கு ஒன்றரைச் சங்கிலி அகலம். வீதிகளுக்கு இடைப்பட்ட சதுரத்துக்குப் பத்துச் சங்கிலி. கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளம் இன்றும் அதே ஒரு சங்கிலி. அளவில் குறை சொல்ல இடமில்லை. அளக்கப்பட்ட நிலம் குலின் மக்களுடையது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அங்குலம் பிசகாமல் அளந்தும் முழு நிலத்தையும் அநியாயமாக எடுக்கலாம். யாருடையது என்ற கேள்விக்குச் சங்கிலியில் பதில் இல்லை.

இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. ஊரில் அம்மாவின் காணி ஆறு பரப்பு. அக்கா ஊரிலேயே இருக்கிறா. தம்பி ரொறன்ரோவில், நான் இங்கே. நில அளவையாளரின் வரைபடம் ஏறத்தாழ 1518 சதுர மீட்டர் என்கிறது. மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 506. தம்பி இதையே நியாயம் என்கிறான். ஒரு மீட்டர் கூடினாலும் பிறகு மனத்தாங்கல் வரும் என்பது அவன் வாதம். அதில் உண்மை இருக்கிறது. பெருமூச்சும் சந்தேகமும் இல்லாமல் பிரிக்கச் சதுர மீட்டரே நல்லது. என் மகளோ, "அப்பா, அது எங்கட வளவைவிடக் கொஞ்சம்தான் பெரிசு" என்றாள். அவளுக்கு அந்தக் காணி முதல்முறையாகக் கண்ணில் தெரிந்தது அப்போதுதான்.

ஆனால் அந்த 1518க்குள் அக்கா இல்லை. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்து கிணற்றை இறைத்தது, வேலி அடைத்தது, அம்மாவைக் கடைசி வரை தூக்கிக் குளிப்பாட்டியது எந்த அலகிலும் பதிவாகவில்லை. நாங்கள் அனுப்பிய பணத்துக்கு ரசீது இருக்கிறது. அவ இருந்த இருப்புக்கு இல்லை. சரிசமம் என்பது அளவையின் சொல். நியாயம் வேறு சொல். என் பங்கை அக்காவின் பெயருக்கு எழுதுவதே சரி என்று நான் நினைக்கிறேன். தம்பிக்கு அதைக் கட்டளையாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவனுடைய 506 அவனுடையதுதான்.

எனவே எந்த அலகு நல்லது என்ற கேள்விக்கு என் பதில் எளியது. அந்நியர்களுக்கு இடையில் மெட்ரிக் நல்லது. எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் கோல் ஏமாற்றைத் தடுக்கும். உறவுகளுக்கு இடையிலும் அதைக் கொண்டே அளக்கலாம். அளந்து முடித்ததும் கணக்கு முடிந்துவிட்டது என்று எழும்பிப் போகக்கூடாது. எதை அளக்காமல் விட்டோம் என்று கேட்க அங்கே ஒருவராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.