ஒற்றுமை எதற்காக?

ஒற்றுமை நல்லதா என்று ஒருவர் கேட்டால் அவரை விசித்திரமாகத்தான் பார்ப்போம். அதன் பெருமையைப் பாலர் வகுப்பிலிருந்தே கற்று வருகிறோம். முகாமைத்துவப் பயிற்சிகளிலும் இதே பாடந்தான்: ஊழியர் ஒன்றுபட்டால் உற்பத்தி உயரும். இக்கூற்றில் பாதிதான் உண்மை. மீதியை விளங்கிக்கொள்ள ஒரு பழைய ஆய்வு உதவும்.

அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பனியின் ஹோதோர்ன் தொழிற்சாலை இருந்தது. 1931 நவம்பர் தொடக்கம் 1932 மே வரை அங்கே ஓர் அறையில் 14 தொழிலாளர்களை ஆய்வாளர்கள் அவதானித்தனர். தொலைபேசி இணைப்பகங்களுக்கான கருவிகளில் கம்பி பொருத்துவதும் ஈயம் பற்றவைப்பதும் அவற்றைப் பரிசோதிப்பதும் அவர்களது வேலை. குழு மொத்தமாகச் செய்யும் வேலைக்கு ஏற்பவே கூலி. ஆகவே ஒவ்வொருவரும் முடிந்தமட்டும் உழைப்பர் என்பது கம்பனியின் கணக்கு.

நடந்ததோ வேறு. நாளொன்றுக்கு இரண்டு கருவிகள் போதும் என்று அவர்கள் தமக்குள் ஓர் எல்லை வகுத்திருந்தார்கள். அதைத் தாண்டியவனுக்குக் கேலி. சில வேளை புயத்தில் ஒரு குத்து. மிகக் குறைவாகச் செய்தவனும் ஏச்சு வாங்கினான். மேலிடத்தில் கோள் சொல்பவனை எவரும் பொறுக்கவில்லை. குழுவில் ஆகக் குறைவாக உற்பத்தி செய்தவர்தான் நுண்ணறிவுச் சோதனையில் முதலிடம் பெற்றவர். ஆற்றலைக் கொண்டு இதை விளக்க முடியாது.

அவர்களைச் சோம்பேறிகள் என்று ஒதுக்கிவிடலாமா? அது உலகப் பொருளாதாரப் பெருமந்தக் காலம். கூடுதலாகச் செய்து காட்டினால் கூலி விகிதம் குறையும், ஆட்கள் நிறுத்தப்படுவார்கள், வேகம் குறைந்தவன் கண்டிக்கப்படுவான் என்று அஞ்சினார்கள். அந்த எல்லை பலவீனமானவனுக்காகப் போட்ட வேலி. எனினும் அவ்வேலியாலும் அவர்களைக் காக்க முடியவில்லை. தொழிற்சாலையில் வேலை இல்லாமற் போனதாலேயே அந்த அவதானிப்பும் நின்றது.

1954இல் ஸ்டான்லி சீஷோர் இயந்திரத் தொழிற்சாலையொன்றின் 228 வேலைக்குழுக்களை ஆராய்ந்து வெளியிட்ட நூல் இதற்குப் பொதுவான விளக்கம் தருகிறது. நெருக்கமான குழுக்களில் ஒருவரது உற்பத்திக்கும் மற்றவரது உற்பத்திக்கும் இடையே வேறுபாடு குறைவு. கம்பனி தம்மை ஆதரிக்கிறது என்று நம்பிய குழுக்கள் கூடுதலாகவும், நம்பாதவை குறைவாகவும் செய்தன. அதாவது ஒற்றுமை ஒரு விசை மாத்திரமே. அது எத்திசையில் இழுக்கும் என்பதை நம்பிக்கை தீர்மானிக்கிறது. ஊழியரிடம் ஒற்றுமையைக் கேட்கும் முகாமைத்துவம் தன் நேர்மையையும் கேட்டுப் பார்க்க வேண்டியிருப்பது இதனாலேயே.

இனி வைத்தியசாலை ஒன்றுக்குள் நுழைவோம். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் இரு அமெரிக்க வைத்தியசாலைகளின் எட்டுத் தாதியர் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து 1996இல் முடிவுகளை வெளியிட்டார். நன்கு இணைந்து வேலைசெய்யும் பிரிவுகளில் தவறுகள் குறைவாயிருக்கும் என்பது அவரது எதிர்பார்ப்பு. ஏடுகளிலோ அவற்றிலேயே தவறுகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. உண்மையில் அங்கே தவறைச் சொல்லப் பயமில்லை. மற்றப் பிரிவுகளில் தவறுகள் மறைக்கப்பட்டன. மறைத்த தவறைத் திருத்த வழியில்லை. அதன் விலையைக் கட்டிலில் கிடக்கும் நோயாளி கொடுக்கிறான்.

ஹோதோர்ன் தொழிலாளரும் இந்தத் தாதியரும் ஒற்றுமையானவர்களே. முன்னவரைப் பயம் சேர்த்து வைத்தது. பின்னவரை நம்பிக்கை சேர்த்து வைத்தது. பயத்தால் சேர்ந்த குழு தன் அங்கத்தவனைக் காக்கும், ஆனால் அவன் வாயைக் கட்டிவிடும். எனவே ஒரு குழு எவ்வளவு இறுக்கமானது என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. "இது பிழை" என்று சொன்ன ஒருவனுக்கு மறுநாளும் அதே மேசையில் தேநீர் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால், அந்த ஒற்றுமைக்கான விலையை யாரோ ஒருவர் வெளியே நின்று கொடுத்துக்கொண்டிருக்கிறார்.