முகூர்த்தம் இல்லாத மாதங்கள்

கல்யாண வீடியோவில் நாதஸ்வரத்துக்கு நான் ஒதுக்கிவந்த நேரம் இருபது விநாடி. வாசலில் வாழைமரம், பன்னீர்ச் சொம்பு, சந்தனக் கிண்ணம், அடுத்து நாயனக்காரர் கன்னம், தவில்காரர் விரல், உடனே மணமேடை. அந்த இருபது விநாடியிலும் அவர்கள் வாசித்தது கேட்காது. மண்டபச் சத்தத்தை அடியோடு இறக்கிவிட்டு மேலே ஒரு சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவேன். திருப்பூரில் பதினான்கு வருஷமாக இதுதான் என் தொழில். நான் எடுத்த கல்யாணங்கள் எல்லாவற்றிலும் நாதஸ்வரம் தெரியும், கேட்காது.

2023 தை மாதம், பெருமாநல்லூர் பக்கம் நடந்த ஒரு கல்யாணத்தின் பதிவை ராத்திரி உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த இரண்டாவது கேமராவை அணைக்க மறந்திருக்கிறோம். முகூர்த்தம் முடிந்து எல்லோரும் பந்திக்குப் போய்விட்டார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவே ஒரு குழந்தை ஓடுகிறது. மேடை ஓரத்தில் ஒரு பையன், இருபது வயசு இருக்கும், கரகரப்ரியாவை வாசித்துக்கொண்டிருக்கிறான். அவசரமே இல்லை. ஓர் இடத்தில் நிற்கிறான், போதவில்லை என்று தோன்றியதுபோலத் திரும்ப அதே இடத்துக்கு வருகிறான், இன்னொரு வழியாகப் போகிறான். பதினோரு நிமிஷம். தவில்காரன் கையை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தபடி இருக்கிறான். வழக்கம்போல் சத்தத்தை இறக்கக் கையை வைத்தவன் எடுத்துவிட்டேன்.

கேட்க ஆளில்லாத மண்டபத்தில் அவன் யாருக்காக வாசித்தான்? இந்தக் கேள்விதான் என்னைப் படம் எடுக்க வைத்தது.

அந்த மேளச் செட்டின் மூத்தவரிடம் விசாரித்துக்கொண்டு போய் அவனைப் பார்த்தேன். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்தான். டீ நேரத்தில் வெளியே வந்தான். சட்டையெல்லாம் பஞ்சு. “முகூர்த்தம் இருந்தா மேளம், இல்லீன்னா கம்பெனிங்ண்ணா” என்றான். தவில் வாசித்தது அவன் மாமன் மகன். அவன் அதே கம்பெனியில் பேக்கிங்.

எனக்கும் அவர்களுக்கும் ஒரே காலண்டர் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. தை, மாசி, வைகாசி, ஆவணி எனக்குச் சோறு போடும் மாதங்கள், அவர்களுக்கும் அப்படியே. ஆடியிலும் மார்கழியிலும் எனக்குக் கேமரா பெட்டிக்குள் போய்விடும். அவர்களுக்கு நாயனம் உறைக்குள் போகும், ஷிப்ட் தொடங்கும். சென்னையில் மார்கழி வந்தால் சபாக்கள் நிறைந்து, எந்த சபா கேண்டீனில் என்ன பலகாரம் என்பதுவரை பத்திரிகையில் வருகிறது. அதே மார்கழியில்தான் எங்கள் ஊர் நாயனக்காரனுக்கு வாசிப்பு இல்லை. விடியற்காலைக் கோயில் பூஜைக்கு ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு எட்டரைக்குக் கம்பெனி கேட்டில் நிற்கிறான்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர்க் கணக்கைச் சொல்ல வேண்டும். இங்கே நாள் என்று ஒன்று கிடையாது, ஷிப்ட்தான். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். இரவு எட்டரை, ஒன்பது வரை நின்றால் ஒன்றரை. கன்டெய்னர் கிளம்பும் அவசரம் என்றால் நடுராத்திரி தாண்டி இரண்டு. சனிக்கிழமை சம்பளத்தில் எத்தனை ஷிப்ட் என்பதுதான் ஒருவன் அந்த வாரம் வாழ்ந்த வாழ்க்கைக்குக் கணக்கு. ஒன்றரை ஷிப்ட் பார்த்தவன் லைன் வீட்டுக்குத் திரும்பும்போது மணி ஒன்பதரை. பத்துக்குப் பத்து அறை, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அங்கே நாயனத்தை எடுக்க முடியாது. வீணையையோ வயலினையோ அடக்கி வாசிக்கலாம். நாயனம் கோயில் வீதிக்கென்று பிறந்த வாத்தியம், அடங்காது. அதனால் இவர்கள் சாதகம் பண்ணுவது ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், ஊரைத் தாண்டி, நொய்யல் கரையில்.

அந்தத் தம்பி பழனி தண்டாயுதபாணி கோயில் தேவஸ்தானத்தின் தவில் நாதஸ்வரப் பள்ளியில் படித்தவன். வீட்டில் இதற்கு முன்னால் யாரும் வாசித்ததில்லை. மாமன் மகனுக்கு அப்பாவே வாத்தியார். ஏழு விரல்துளை, மெழுகு அடைக்கும் ஐந்து துளை, சீவாளியை நாக்கில் நனைத்து உதட்டுக்குப் பழக்கும் முறை, துத்துக்காரம், ஆற்றங்கரையில் நாயனத் தம்பி எனக்கு இதெல்லாம் காட்டினான். பஞ்சுத் தூசி அதிகமாக இருந்த வாரங்களில் மூச்சு எங்கே அறுகிறது என்று காட்டினான். மைக்கை நாயனத்தின் அடி முனையில் இருக்கும் அணசுக்கு நேரே வைத்தால் வாசிப்பு மட்டும்தான் கேட்கும். சீவாளிப் பக்கம் வைத்தால் மூச்சும் கேட்கும். என் படத்தின் சத்தம் முழுக்க சீவாளிப் பக்கம் எடுத்தது.

சங்கீதக்காரர்களைப் பற்றித் தமிழில் எடுத்த படங்களை மறுபடி பார்த்தேன். 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். வாணவேடிக்கைச் சத்தத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்துபோகும் சிக்கல் சண்முகசுந்தரத்தைப் பார்த்து எத்தனை பேர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்போம். சிவாஜி கன்னம் உப்பியதற்கு மூச்சுக் கொடுத்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ராஜீவ் மேனனின் ‘சர்வம் தாளமயம்’ 2019 பிப்ரவரியில் வந்தது. மிருதங்கம் செய்யும் குடும்பத்துப் பையன் அதை வாசிக்க ஆசைப்படுவது கதை. தோலை இழுத்துக் கட்டுகிறவன் கைக்கு மேடை ஏன் கிடைப்பதில்லை என்ற கேள்வியை அந்தப் படம் நேராகக் கேட்டது. மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமனைப் பற்றி ஆவணப்படம் எடுத்தபோது மிருதங்கம் செய்யும் ஜான்சனைச் சந்தித்ததில்தான் ராஜீவ் மேனனுக்கு இந்தக் கதை பிறந்தது. படம் வந்த அடுத்த வருஷம் பாடகர் டி. எம். கிருஷ்ணா, மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றிய தன் புத்தகத்தில் அதே கேள்வியை வரலாறாக எழுதினார். படத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கடைசியில் பையன் டி.வி. போட்டியில் ஜெயிக்கிறான். ஜெயிக்காமல் போயிருந்தால் அவன் கற்றது என்னவாகும் என்பதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

அதற்குப் பக்கத்தில் போன படம் மராத்தியில் இருக்கிறது. சைதன்ய தம்ஹானேயின் ‘தி டிசைபிள்’. 2020 வெனிஸ் விழாவில் திரைக்கதைக்கான விருது வாங்கியது. மும்பையில் இந்துஸ்தானி சங்கீதம் கற்கும் சரத் என்ற இளைஞன், பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றும் வேலையில் பிழைத்துக்கொண்டு, குருவுக்குக் கால் பிடித்துவிட்டு, வருஷக்கணக்காகச் சாதகம் பண்ணுகிறான். அவனுக்கு வரவில்லை. உழைப்புக் குறைவில்லை, பக்தி குறைவில்லை, ஆனாலும் வரவில்லை. அந்த வேஷத்தில் நடித்த ஆதித்ய மோடக் நிஜமாகவே பாடகர். குருவாக வந்த அருண் திராவிட் பாடகி கிஷோரி அமோன்கரின் சிஷ்யர். நடிகருக்குக் கையசைக்கச் சொல்லிக் கொடுப்பதைவிடப் பாடகரை நடிக்கச் சொல்வது மேல் என்று தம்ஹானே முடிவெடுத்திருக்கிறார். சரத் ராத்திரியில் ஆளில்லாத சாலையில் பைக்கில் போய்க்கொண்டே, யாருக்கும் கச்சேரி பண்ணாத ஒரு மேதையின் உரையைக் காதில் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சிகளை ஒன்றரை ஷிப்ட் முடிந்த ஒரு ராத்திரி அந்தத் தம்பிகளுக்குப் போட்டுக் காட்டினேன். பாஷை புரியவில்லை. பேசாமல் பார்த்தார்கள். “இது நம்ம கதைங்ண்ணா, ஆனா இவருக்கு ராத்திரி பைக் ஓட்ட நேரம் இருக்குது” என்றான் தவில் தம்பி. அந்த ஒரு வரியில் என் படம் எதைப் பற்றியது என்று தெரிந்தது.

பணத்துக்கு ஒருவரிடம் போனேன். எக்ஸ்போர்ட் தொழிலில் இருப்பவர், நல்ல மனுஷர், பாட்டில் பிரியம் உள்ளவர். கதையைக் கேட்டுவிட்டு, “கடைசியில் பெரிய மேடை ஒண்ணு வேணும் தம்பி, பையன் வாசிக்கோணும், ஊரே எந்திரிச்சு நிக்கோணும்” என்றார். அவர் கேட்டது தப்பில்லை. அப்படி நடக்கட்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் நடக்காத ஒன்றை நான் செட் போட்டு எடுத்தால், மேடை கிடைக்காமல் ஆற்றங்கரையில் நிற்கிற எல்லாப் பையன்களிடமும் ‘உன் வாசிப்பு இன்னும் கணக்கில் வரவில்லை’ என்று சொன்னதாகிவிடும். வேண்டாம் என்று வந்துவிட்டேன். பழைய லென்ஸ் இரண்டை விற்றேன். வைகாசிக் கல்யாணங்களில் வந்ததை ஆடியில் படத்துக்குச் செலவழித்தேன்.

இதுவரை சொன்னது எளிது. சொல்லக் கஷ்டமான ஒன்று இருக்கிறது.

முதல் எட்டு மாதம் ஞாயிறு தவறாமல் ஆற்றங்கரைக்குப் போனேன். வெளிச்சம் வரட்டும் என்று காக்க வைத்தேன். லாரி சத்தம் விழுந்துவிட்டது, மறுபடி வாசியுங்கள் என்றேன். நடந்து வாருங்கள், உட்காருங்கள், இந்தப் பக்கம் பாருங்கள். அப்பா என்ன சொல்வார், கம்பெனியில் என்ன சொல்வார்கள் என்று பேட்டி எடுத்தேன். அவர்கள் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. ஒரு ஞாயிறு கிளம்பும்போது நாயனத்தை உறையில் போட்டுக்கொண்டே அந்தத் தம்பி சொன்னான்: “சிம்மேந்திரமத்திமம் பிடிச்சு ரெண்டு மாசம் ஆச்சுங்ண்ணா, உள்ள போகவே முடியல.” குறையாகச் சொல்லவில்லை, தன்னைப் பற்றித்தான் சொன்னான். வீட்டுக்கு வந்து அதுவரை எடுத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தேன். தொடர்ந்து பத்து நிமிஷம் அவன் வாசித்த பதிவு ஒன்றுகூட இல்லை. எல்லாம் துண்டு துண்டு. ஆறு நாளைக் கம்பெனி வாங்கிக்கொள்கிறது. மிச்சமிருந்த ஒரு காலையை நான் வாங்கிக்கொண்டேன். கம்பெனியாவது அதற்குச் சம்பளம் கொடுக்கிறது.

எவருடைய வாழ்க்கையையாவது நேசித்துப் பதிவு செய்யக் கிளம்புகிற எல்லோருக்கும் இந்த ஆபத்து இருக்கிறது. நேசம் இருப்பதால் நம் கை எங்கே இருக்கிறது என்று நமக்கே தெரிவதில்லை. அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். அவர்கள் வருவதற்கு அரை மணி முன்பே போய் கேமராவை வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வேன். பேச்சில்லை, மறுபடி என்பதில்லை. வெளிச்சம் வந்தால் வரும். லாரி போனால் போகட்டும். ஒரே காலையில் நாற்பது நிமிஷம் ஒரு பிடியையே அவன் திரும்பத் திரும்ப வாசித்தான். முப்பதாவது நிமிஷத்துக்குப் பிறகு என் கண்ணில் நீர் வந்தது. என்ன மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் சிரித்ததும், மாமன் மகன் முதல் முறையாகத் தவிலில் கையை வைத்ததும் படத்தில் இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா நம் சரக்குக்கு விதித்த வரி 50 சதவீதம் ஆனது. ஆர்டர்கள் நின்றன. புரட்டாசி பிறந்தபோது கல்யாணமும் இல்லை, அவர்கள் கம்பெனியில் வேலையும் வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கியது. நேரம் இல்லை என்பதுதானே குறை, இப்போது நேரம் கிடைத்திருக்கிறதே, நிறைய வாசிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஆற்றங்கரையில் யாரும் இல்லை. லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். வாடகை நிற்கும்போது நாயனத்தை எடுக்க மனசு வருவதில்லை. ஓய்வு வேறு, வேலை இல்லாமல் இருப்பது வேறு என்று அந்த நான்கு வாரம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. கலைஞனுக்கு வறுமைதான் உரம் என்று மேடையில் பேசுகிறவர்களை அந்த வாசலில் ஒரு மாலை உட்கார வைக்க வேண்டும். அன்றைக்கு நான் படம் எடுக்கவில்லை.

படம் எழுபத்து நான்கு நிமிஷத்தில் முடிந்தது. போன மார்கழியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, லைன் வீட்டு முற்றத்தில் வேட்டியைக் கட்டித் திரையிட்டோம். பக்கத்து வீட்டு ஒடிசாப் பையன்கள் வந்தார்கள், மெஷின் ஓட்டும் அக்காக்கள் வந்தார்கள், கோயில் வாத்தியார் வந்தார். நாற்பது நிமிஷக் காட்சியில் பதினெட்டு நிமிஷம் வைத்திருந்தேன். யாரும் எழுந்து போகவில்லை. ஒரு அக்கா மட்டும் கேட்டார்: “ஏந் தம்பி, நம்ம கண்ணாலத்துலயும் இப்படித்தான் வாசிச்சாங்களா? நாங் கேக்கவே இல்லியே.” அந்தத் தம்பிகள் மறுநாள் காலை எட்டரைக்குக் கம்பெனிக்குப் போனார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள். ஞாயிறு காலை ஆற்றங்கரைக்கு இன்னும் இரண்டு சின்னப் பையன்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் கல்யாணங்களில் இப்போது செண்டை மேளம் வருகிறது, டி.ஜே. வருகிறது. வரட்டும். ஆனால் உங்கள் வீட்டில் நாயனம் வைத்தால், தாலி கட்டி முடிந்ததும் பந்திக்குப் போகும் முன் நாயனக்காரரிடம் போய், “தம்பி, உங்களுக்குப் பிடிச்ச ராகம் ஒண்ணு முழுசா வாசிங்க” என்று கேளுங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்காருங்கள். பத்து நிமிஷம் போதும். என் தொழிலில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அந்தப் பத்து நிமிஷத்தின் மேல் பாட்டை ஏற்றாதீர்கள்.