கேட்டவரும் சொன்னவனும்

அறியாமல் உண்டவன் மீது குற்றமில்லை. சிறு வயதில் ஓதப் போன இடத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஆறுதல் இது. பசியால் நிர்ப்பந்திக்கப்பட்டவனுக்கும் மார்க்கத்தில் விலக்கு உண்டு. ஆனால், அறியாமல் உண்டவனுக்கு அறிந்துகொண்டே பரிமாறியவனின் நிலை என்ன? 2017ஆம் ஆண்டு பேங்கொக் நகரத்தில் ஒரு தள்ளுவண்டிக் கடைக்கு முன்னால் பசியோடு நின்றபோதுதான் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

எனது மச்சான் ஊரிலே புடவைக்கடை வைத்திருக்கிறார். நம்மவர் பலரைப் போல அவரும் பிரதுனாம் சந்தையில் மொத்தமாக உடுப்பு எடுப்பதற்காகப் பேங்கொக் போய் வருபவர். அந்த வருட டிசம்பர் விடுமுறையில், "நீங்க இங்கிலீசும் பேசுவீங்க, கணக்கும் பாப்பீங்க, வாங்க" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பயணச் சீட்டும் அறை வாடகையும் அவர் பொறுப்பு. சாப்பாட்டுச் செலவையாவது நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் சம்பளக்காரனுக்கும் கொஞ்சம் ரோசம் உண்டுதானே. எனக்கென்று நாளொன்றுக்கு 150 பாத் வகுத்துக்கொண்டேன். ஒரு பாத் அப்போது நமது காசில் நாலரை ரூபாவுக்கு மேல்.

முதல் இரண்டு நாட்களும் உம்மா கட்டித் தந்த மாசிச் சம்பலும், கடையில் வாங்கிய பாணும், அறையிலிருந்த மின்கேத்தலில் அவித்த முட்டையும் கைகொடுத்தன. பாண் பக்கற்றில் வைர வடிவிலான ஹலால் முத்திரை இருந்தது. தாய்லாந்து மக்களில் மிகப் பெரும்பான்மையினர் பௌத்தர்கள். அங்கே மத்திய இஸ்லாமியப் பேரவை வழங்கும் அந்த முத்திரை சாதாரணப் பெட்டிக்கடைப் பொருட்களிலும் காணப்படுகிறது. நமது நாட்டில் 2013இல் இதே முத்திரை எவ்வளவு பெரிய பிரச்சினையாக்கப்பட்டது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கற்றைப் புரட்டிப் பார்த்து நிம்மதியாகப் பெருமூச்சு விடும் அந்நியனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இன்னொரு அடையாளத்தையும் கண்டேன். மஞ்சள் நிறச் சிறு கொடியில் சிவப்பாக ஓர் எழுத்து. தூரத்திலிருந்து பார்த்தால் 17 என்று எழுதியிருப்பது போலத் தெரியும். கணக்குக் கடையோ என்று நினைத்தேன். விடுதியில் விசாரித்தபோதுதான், இறைச்சியும் மீனும் முட்டையும், பூண்டுகூடச் சேர்க்காத சீன மரபு மரக்கறிச் சாப்பாட்டுக் கடைகளின் அடையாளம் அது என்று தெரிந்தது. இன்னொரு சமயத்தவரின் பேணுதல் எனக்கு ஒரு வேளை நிழல் தந்தது. அதை நினைக்க இன்றைக்கும் சந்தோசமாக இருக்கிறது.

முத்திரையும் கொடியும் இல்லாத இடங்களில்தான் சோதனை. காசுள்ளவனுக்குப் பேணுதல் எளிது. சுகும்வித் வீதியின் 3ஆம் ஒழுங்கைப் பக்கம் போனால் அரபுச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. ஒரு நேரச் சாப்பாட்டிலேயே எனது ஒரு நாள் கணக்கு முடிந்துவிடும். கையில் காசு குறைந்தவன் வீதியோரத்தில்தான் சாப்பிட வேண்டும். அங்கே அவனுக்குள்ள ஒரே ஆதாரம், சட்டிக்குப் பின்னால் நிற்பவரின் வாய்ச்சொல்.

மூன்றாம் நாள் மத்தியானம் விடுதிக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி முட்டைச் சோறு பொரித்துக்கொண்டிருந்தார். 40 பாத். "மூ?" என்று கேட்டேன். பன்றிக்கு அவர்களுடைய சொல் அது. இல்லை என்று தலையாட்டினார். "இல்லெண்டு சொல்றாவே, இனி என்ன? அவவோட போச்சு. சாப்பிடுங்க மச்சான்" என்றார் மச்சான். எனக்கும் பசிதான். ஆயினும், விடுதிக்காரர் தாய் மொழியில் எழுதித் தந்திருந்த கடதாசியை எடுத்து நீட்டினேன். நான் முஸ்லிம், பன்றி இறைச்சியோ பன்றிக் கொழுப்போ மதுவோ சேர்ந்த உணவு உண்ண மாட்டேன் என்பது அதன் சாரம்.

அவர் அதை நிதானமாக வாசித்தார். பின்பு குனிந்து, சட்டிக்கருகே இருந்த தகரப் பேணியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே வெள்ளைக் கொழுப்பு. சட்டியைக் காட்டிக் கையை அசைத்தார். கடதாசியை இரு கைகளாலும் திருப்பித் தந்துவிட்டு, காத்து நின்றவர்களை அப்படியே விட்டு, எங்களோடு சந்தி வரை நடந்து வந்து திசை காட்டினார். அவர் காட்டிய வழியில் பெச்சபுரி வீதியின் 7ஆம் ஒழுங்கையை அடைந்தோம். அங்கே தாருல் அமான் பள்ளிவாசலும், அதைச் சுற்றி முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடைகளும் இருந்தன. 50 பாத்துக்குக் கோழியோடு மஞ்சள் சோறு கிடைத்தது. நமது புரியாணிக்குச் சொந்தக்காரன் என்றே சொல்லலாம்.

மச்சான் ரசித்துச் சாப்பிட்டார். எனக்கு இரண்டாவது பிடி இறங்கவில்லை. எட்டு வருடங்களுக்கு முந்திய ஒரு மத்தியானம் நினைவுக்கு வந்துவிட்டது.

2009இல் எங்கள் பாடசாலை விளையாட்டுப் போட்டியின்போது சாப்பாட்டுக்கு நான் பொறுப்பு. மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வந்த கணித ஆசிரியர் ஒருவர் எங்களோடு இருந்தார். சைவர். மச்சம் மாமிசம் தொடாதவர். அவருக்கென்று பருப்பாணமும் கத்தரிக்காயும் சொல்லியிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் சமையல்காரர் என்னைத் தனியே அழைத்தார். "ருசிக்கெண்டு பருப்புக்குள்ள மாட்டெலும்பு போட்டுட்டன் சேர். எலும்ப எடுத்துப்போட்டுக் குடுப்பம், தெரியா" என்றார். வேறு கறி ஆக்க நேரமில்லை. அதிதிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் தலையசைத்தேன். அந்த ஆசிரியர் கோப்பையைக் கையிலெடுத்து, "சேர், இது மரக்கறிதானே?" என்று கேட்டார். "ஓம் சேர், பயப்படாமச் சாப்பிடுங்க" என்றேன். சாப்பிட்டார். ருசியாக இருந்தது என்றும் சொன்னார்.

அவர் நோயுறவில்லை, அவருக்கு ஒன்றும் தெரியவுமில்லை. அப்படியானால் அவருக்கு என்ன தீங்கு நேர்ந்தது என்று எனது மனம் பல தடவை வாதாடியிருக்கிறது. பேங்கொக்கில்தான் அந்த வாதம் உடைந்தது. அந்தப் பெண்மணியும் எனக்கு அப்படியே பரிமாறியிருக்கலாம். நானும் அறியாமல் உண்டு, அல்ஹம்துலில்லாஹ் சொல்லி எழுந்திருப்பேன். குற்றம் என்னைச் சேர்ந்திராது. ஆயினும், என்னிடமிருந்து ஏதோ ஒன்று பறிக்கப்பட்டிருக்கும். எதை உண்பது, எதை விடுவது என்று நானே தீர்மானிக்கும் உரிமை அது. பேணுதலில் மிஞ்சும் பெருமை எல்லாம் அந்தத் தீர்மானத்தில்தான் இருக்கிறது. அதைப் பொய்யால் எடுத்துக்கொள்பவன் களவெடுக்கிறான். உடையவனுக்குத் தெரியாமல் போவதால் களவு களவில்லாமல் போகுமா?

நமது பேணுதலை மற்றவர்கள் மதிக்க வேண்டும் என்று கேட்கிறோம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதே நியாயம் நமது அடுப்படியிலும் செல்லுபடியாக வேண்டும். அந்தப் பெண்மணிக்கு எனது மார்க்கச் சட்டம் ஒன்றும் தெரிந்திராது. அதன் நியாயம் அவருக்குப் பட்டிருக்கவும் தேவையில்லை. கேட்டவனுக்கு உண்மை சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. ஆசிரியர் கலாசாலையில் படித்து, வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்கு வாய்மையைப் பற்றிக் கட்டுரை எழுதிக் காட்டிய எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

ஊர் திரும்பிய பின் ஒரு வருடம் இழுத்தடித்தேன். இப்போது சொல்லி அவர் மனதை ஏன் நோகடிப்பது என்பது மச்சானின் கட்சி. அதிலும் உண்மை உண்டு. எனது பாரத்தை இறக்கி வைக்க அவர் தோளைத் தேடுகிறேனோ என்று நானும் அஞ்சினேன். கடைசியில் விடைத்தாள் திருத்தும் நிலையமொன்றில் அவரைச் சந்தித்தபோது, தேத்தண்ணீர் இடைவேளையில் சொல்லிவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றுதான் சொன்னார்:

"எனக்குச் சந்தேகம் இருந்தது சேர். அதுதான் உங்களிட்டக் கேட்டனான்."

மன்னித்தாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. இப்போதெல்லாம் பாடசாலை விருந்துகளில் மரக்கறிக்கு வேறு சட்டி, வேறு அகப்பை. அதை முதலில் ஆக்கி மூடிவைத்த பிறகுதான் இறைச்சி அடுப்பேறும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன். யாராவது வந்து கேட்டால், தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்கிறேன். பழைய கடன் இதனால் தீர்ந்துவிட்டதாக நான் எண்ணவில்லை.