வாயைக் கட்டுதலும் வயிற்றை வெட்டுதலும்

சுவிஸில் நடைபெறும் எமது மண்டபக் கொண்டாட்டங்களில் ஒரு புதிய வசை காதில் விழுகிறது. "அவ வயித்தை வெட்டி மெலிஞ்சவ." குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அதைத் தொடர்ந்து இரண்டு கருத்துகள் வரும். "வாயைக் கட்டியிருந்தாக் காணுமே" என்பது ஒன்று. "உதுக்கும் சேர்த்துத்தானே நாங்கள் மாதாமாதம் கிரங்கன்காசை கட்டுறம்" என்பது மற்றது. முதலாவது ஒழுக்கம் பற்றிய குற்றச்சாட்டு. இரண்டாவது நீதி பற்றியது. ஒருவருடைய நோயை முன்வைத்து நாங்கள் இவ்வளவு எளிதாகத் தீர்ப்பு வழங்குவதால், இந்த இரண்டையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியுள்ளது.

முதலில் அந்தச் சத்திரசிகிச்சை என்னவென்று பார்ப்போம். அதன் பெயரிலேயே ஒரு சுவிஸ்காரர் இருக்கிறார். பேர்ணில் தியோடோர் கோஹரிடம் பணிபுரிந்து, பின்னர் லொசானில் புகழ்பெற்ற சேசார் ரூ (1857–1934), இரைப்பையையும் சிறுகுடலையும் கெற்றப்போல் தடியின் வடிவில் இணைக்கும் முறையொன்றைக் கையாண்டார். இரைப்பையின் வெளிவாசல் அடைபட்டு, உண்ண முடியாமல் தவித்தவர்களுக்காகவே அவர் அதைச் செய்தார். 1966இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் கடும் உடற்பருமனுக்கு இரைப்பையைப் பிரித்துக் குடலோடு இணைக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். 1970களில் ரூவின் இணைப்பு அதற்குள் வந்து சேர்ந்தது. உண்ண முடியாதவருக்காகப் பிறந்த முறை, உண்பதை நிறுத்த முடியாதவருக்கு உதவியாகியது.

இன்று இரண்டு முறைகள் பெருவழக்கில் உள்ளன. ஒன்றில் இரைப்பையின் மேற்பகுதி ஒரு கோழிமுட்டையிலும் சிறிய பையாகப் பிரிக்கப்பட்டு நேரே சிறுகுடலோடு இணைக்கப்படுகிறது. மற்றதில் இரைப்பையின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வெட்டி அகற்றப்பட்டு, மிகுதி ஒரு குழாயாக விடப்படுகிறது. வெட்டியெடுத்ததை மீண்டும் வைக்க முடியாது. அதன் பின்னர் வாழ்நாள் முழுவதும் விற்றமின்களும் தாதுக்களும் எடுக்க வேண்டும், இரத்தப் பரிசோதனைக்குப் போய்வர வேண்டும். இனிப்பைக் கூடுதலாக உண்டால் நெஞ்சு படபடத்து வியர்த்துக் கொட்டும். மதுவும் முன்னரைவிட விரைவாக ஏறும். பிள்ளை பெற விரும்பும் பெண் ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்திருக்க வேண்டும். இழந்த நிறையில் ஒரு பங்கு சிலருக்குத் திரும்பியும் வரும். இதைக் குறுக்குவழி என்பவர் அந்த வழியில் ஒருநாளாவது நடந்து பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஏன் செய்கிறார்கள்? உயிர் நீள்கிறது என்பதால். சுவீடனில் 1987இல் தொடங்கிய ஆய்வொன்று நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்தது. சத்திரசிகிச்சை பெற்றோரிடையே மரணங்கள் குறைவு என்பதை 2007இல் அது வெளியிட்டது. பலருக்குச் சீனி வருத்தம் தணிகிறது. சிலருக்கு அது வருடக்கணக்கில் மறைந்தே போகிறது.

"வாயைக் கட்டுதல்" என்ற சொல்லுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. பசி என்பது மனதுக்குக் கீழ்ப்படியும் வேலைக்காரன், அவனை அடக்காதவர் சோம்பேறி என்ற நம்பிக்கை அது. கடந்த முப்பது வருட விஞ்ஞானம் இதை வெகுவாகக் குலைத்துவிட்டது. கொழுப்புக் கலங்கள் மூளைக்குச் செய்தி அனுப்பும் லெப்ரின் என்ற ஓமோன் 1994இலும், இரைப்பையிலிருந்து பசியைக் கிளப்பும் கிரெலின் 1999இலும் கண்டறியப்பட்டன. ஒருவர் பட்டினி கிடந்து மெலிந்தால் உடல் அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. பசியைக் கூட்டி, செலவைக் குறைக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் கடும் பயிற்சியால் மெலிந்த 14 பேரை ஆறு வருடங்களின் பின் பரிசோதித்தார்கள். பெரும்பாலானோர் இழந்த நிறையில் பெரும்பங்கை மீளப் பெற்றிருந்தார்கள். அவர்களது உடலோ அப்போதும் எதிர்பார்த்ததைவிடக் குறைவான சக்தியையே செலவழித்துக்கொண்டிருந்தது. 2016இல் வெளிவந்த முடிவு இது. மனவலிமை அற்றவர்கள் என்று அவர்களைச் சொல்ல எவருக்கும் துணிவு வராது. சத்திரசிகிச்சை வயிற்றைச் சிறிதாக்குவதோடு நிற்பதில்லை. குடலிலிருந்து மூளைக்குப் போகும் இந்தச் செய்திகளையும் மாற்றுகிறது. அதனால்தான் அது பலன் தருகிறது.

எமது உடல்களுக்கென்று தனிக்கதையும் உண்டு. ஒஸ்லோவில் வாழும் குடிவரவாளர்களை ஒப்பிட்டு 2006இல் வெளியான ஆய்வில், ஒரே உடற்திணிவுச் சுட்டியிலும் இலங்கையருக்கும் பாகிஸ்தானியருக்கும் ஏனைய குழுக்களைவிட வயிற்றுப் பகுதியில் பருமன் கூடுதலாக இருந்தது. ஆசிய உடல்களுக்கு ஆபத்து குறைந்த நிறையிலேயே தொடங்குகிறது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எடுத்துக்காட்டியது. எல்லைக்கோடுகள் பெரும்பாலும் ஐரோப்பிய உடல்களை வைத்து வரையப்பட்டவை. கோடுகளை யார் வரைகிறார்கள் என்ற கேள்வி எங்களுக்குப் புதிதல்ல.

வாழ்க்கை முறையையும் சேர்த்துப் பார்க்கலாம். நான் சோலோதுர்னில் றெஸ்ரோறன்ற் குசினியில் நிற்பவன். காலை பத்துக்குத் தொடங்கி இரண்டுக்கு விட்டு, மீண்டும் ஐந்திலிருந்து இரவு பதினொன்று வரை வேலை. நடுவில் வரும் 'சிம்மர்ஸ்துண்டே' வீட்டுக்குப் போய்ப் படுத்தெழும்பவே போதாது. மற்றவர்கள் உண்ணும் நேரமெல்லாம் நாங்கள் சமைக்கிறோம். எல்லோரும் உறங்கும் நேரத்தில், சட்டியில் மிஞ்சியதை நின்றபடியே உண்கிறோம். எமது தலைமுறையில் எத்தனையோ பேரின் இருபது, முப்பது வருடங்கள் இப்படிக் கோப்பை கழுவியும் கிழங்கு பொரித்தும் கழிந்திருக்கின்றன. அந்த உடலைப் பார்த்து "வாயைக் கட்டு" என்பவர் அந்த மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை.

பசியை வென்றவர் மேலானவர் என்ற எண்ணம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. நான் வாழும் இந்த நகரம் சுவிஸ் கூட்டமைப்பில் சேர்ந்தது 1481 மார்கழியில். அப்போது ஸ்ரான்ஸில் முறியவிருந்த பேச்சுவார்த்தையைக் காப்பாற்றியது துறவி நிக்லவுஸ் வொன் ஃப்ளூவேயின் அறிவுரை என்பார்கள். ஏறத்தாழ இருபது வருடங்கள் அவர் உணவின்றி வாழ்ந்தார் என்பது அவரைப் பற்றிய நம்பிக்கை. உண்ணாதவரின் சொல்லுக்கு ஊர் பணிந்தது. 1987 புரட்டாதியில் நல்லூரில் திலீபன் நீரும் அருந்தாது பன்னிரண்டாம் நாள் இறந்ததை எமது பெற்றோர் நேரில் கண்டார்கள். அதன் அரசியலை எப்படி மதிப்பிட்டாலும், உண்ணாத உடலுக்கு எமது மனதில் இருக்கும் புனிதத்தை எவரும் மறுக்க முடியாது. இந்தப் புனிதத்துக்கு மறுபக்கம் ஒன்றுண்டு. உண்ணாமை தவமென்றால், உண்பது இழுக்காகிறது. பருத்த உடல் ஒரு குற்ற ஒப்புதல் வாக்குமூலம் போலப் பார்க்கப்படுகிறது.

ஆனால் எமது மரபில் வேறொரு குரலும் இருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்றொரு பெண் வருகிறாள். முனிவரின் சாபத்தால் பன்னிரண்டு வருடங்கள் யானைத்தீ என்னும் தீராப் பசி அவளை வாட்டுகிறது. எவ்வளவு உண்டாலும் அடங்காது. மணிமேகலை அவளிடம் 'ஏன் உன்னை அடக்கவில்லை' என்று விசாரிக்கவில்லை. அமுதசுரபியிலிருந்து உணவை இட்டாள், நோய் நீங்கியது. அந்தப் பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று பெருமைப்படுகிறவர்கள் இந்தப் பகுதியையும் நினைவில் வைத்திருக்கலாம். அடங்காப் பசியை நோயென்று காணும் பார்வை எமது ஊரிலேயே இருந்திருக்கிறது.

இனி நீதி பற்றிய கேள்வி. 2000ஆம் ஆண்டிலிருந்து இந்தச் சிகிச்சையை அடிப்படை மருத்துவக் காப்புறுதி நிபந்தனைகளுடன் ஏற்கிறது. 2011 சனவரியில் சுட்டி எல்லை 40இலிருந்து 35 ஆகக் குறைக்கப்பட்டது. நிறையைக் குறைக்க இரண்டு வருடங்கள் தகுந்த சிகிச்சை பெற்றுத் தோற்றிருக்க வேண்டும் என்பதும் அந்த விதியில் அடங்கும். இதை வாசித்தபோது எனக்கு அகதி விசாரணை அறைதான் நினைவுக்கு வந்தது. அகதிச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, தன் நிலையை நிரூபிக்க அல்லது நம்பத்தகுந்ததாகக் காட்டவேண்டிய கடமையை வருபவரிடமே விடுகிறது. அங்கே துன்பத்துக்கு அத்தாட்சி கேட்கிறார்கள். இங்கே தோல்விக்கு அத்தாட்சி கேட்கிறார்கள்.

நிபந்தனையே கூடாது என்பது என் வாதம் அல்ல. மீளமுடியாத ஒன்றைச் செய்யுமுன், அந்த ஆள் அதற்கு ஆயத்தமா, பின்பராமரிப்பைத் தொடர்வாரா என்று மருத்துவர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஆயத்தம் வேறு, அருகதை வேறு. முதலாவது நோயாளியின் நன்மைக்கான கேள்வி. இரண்டாவது அவரது குணத்தைப் பற்றிய விசாரணை. மண்டபத்தில் எங்கள் வாயிலிருந்து வருவது இந்த இரண்டாவது. புகைபிடித்தவரின் இருதயத்துக்கும் வேகமாய்க் கார் ஓடியவரின் உடைந்த காலுக்கும் நாங்கள் சேர்ந்தே கட்டுகிறோம். அங்கே யாரும் அருகதை கேட்பதில்லை. பொதுக் காப்புறுதி என்பதன் பொருளே அதுதான்.

ஆயத்தம் என்பதற்குள்ளும் ஒரு அநீதி ஒளிந்திருக்கிறது. பின்பராமரிப்பு என்பது ஜேர்மன் மொழியில் நடக்கும் நீண்ட உரையாடல். மொழி தெரியாத ஒரு தாய், தன் பசியையும் தனிமையையும் பதினான்கு வயது மகளை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வாள்? அவளுக்காக நாங்கள் செய்யக்கூடிய உதவி, கூடப்போய் இருந்து மொழிபெயர்ப்பது.

ஒரு வலுவான மறுப்பை இங்கு தவிர்க்க முடியாது. மலிவான கொழுப்புணவையும் இரவு வேலையையும் தனிமையையும் உண்டாக்கிய சமூகம், தன்னைத் திருத்தாமல், நல்ல இரைப்பையை வெட்டுவது சரியா என்பதே அது. 2024 பங்குனியிலிருந்து நிபந்தனைகளுடன் காப்புறுதி ஏற்கும் வெகோவி ஊசிக்கும் இதே கேள்வி பொருந்தும். கேள்வி நியாயமானது. வேலை நேரத்தையும் ஊதியத்தையும் மாற்றக் கேட்கவேண்டும். ஆனால் போரை நிறுத்தவேண்டும் என்பதைக் காரணம் காட்டி, தப்பி வந்தவருக்குக் கதவை மூடுவதை நாங்கள் ஏற்போமா? காரணத்தை ஒழிக்கும் வரை காயப்பட்டவர் காத்திருக்க வேண்டும் என்பது, காயப்படாதவர் சொல்லும் நியாயம்.

கடைசியாக எமது விருந்தோம்பல். பஞ்சத்தையும் பொருளாதாரத் தடையையும் கண்ட எங்கள் தாய்மாருக்கு, போட்ட சோற்றை முடிப்பதுதான் அன்புக்குச் சான்று. சத்திரசிகிச்சை பெற்றவர் நாலு கரண்டியோடு கையை எடுக்கிறார். இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று இரண்டாம் முறை கேட்காமல், ஏன் என்றும் கேட்காமல், அவருக்குப் பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருப்பதற்கு நாங்கள் பழகவேண்டியிருக்கிறது.