சாகாதவனுக்குச் சௌரியம் ஏது?

மரணத்துக்கு அப்பாற்பட்ட ஒருவனை வீரன் என்று சொல்வது தகுமா என்ற கேள்வி, வேதாந்த விசாரம் செய்கிறவர்களுக்கே உரியது போலத் தோன்றினாலும், கோவில்பட்டியில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற எந்தச் சிறுவனும் தன்னை அறியாமல் முதுகில் சுமந்து செல்கிற கேள்விதான் அது. அவனுடைய புத்தகப் பையின் மேல் சிலந்தி மனிதன் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்கிறான். திருநெல்வேலிக்கு பஸ் ஏறினால், வழியில் கயத்தாற்றில், நடிகர் சிவாஜி கணேசன் நிறுவிய கட்டபொம்மன் சிலை நிற்கிறது. முன்னவன் எந்த உயரத்திலிருந்து விழுந்தாலும் பிழைத்துக்கொள்வான். பின்னவனை 1799 அக்டோபர் 16ஆம் தேதி அதே ஊரில் ஒரு புளியமரத்தில் தூக்கிலிட்டார்கள். இவ்விருவரில் எவனைக் கண்டு களிப்பது, எவனைக் கும்பிடுவது என்பதைக் கரிசல் நாட்டு ஜனங்கள் எந்தச் சாஸ்திரியையும் கேளாமல் தாங்களே தீர்மானித்துக்கொண்டார்கள். அந்தத் தீர்மானத்தின் உள்ளே கிடக்கிற தத்துவம் சற்று விசாரிக்கத்தக்கது.

ஐரோப்பாவின் மத்திய காலத்து வீரப்பிரபு வாளை இடுப்பில் கட்டிக்கொள்வதற்கு முந்திய இரவு முழுவதும் தேவாலயத்தில் கண்விழித்துப் பிரார்த்தனை செய்வது ஒரு வழக்கம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெர்னார்டு என்ற துறவி, போர் செய்கிற சந்நியாசிகளைப் புகழ்ந்து ஒரு நூலே எழுதினார். அடுத்த நூற்றாண்டில் ரமோன் லுல் என்ற ஞானி, வீரனுக்குரிய தர்மங்களைத் தொகுத்து வைத்தார். இவர்கள் போற்றிய வீரர்கள் சிலுவைப் போர்களில் செய்த கொடுமைகளைச் சரித்திரம் மறைக்கவில்லை. ஆயினும், தேவனுக்கும் தலைவனுக்கும் எளியோருக்கும் தன் பலத்தை முன்கூட்டியே ஈடு வைத்துவிட்டவன் அவன்; ஆகையால், அவன் தவறும்போது இன்ன பிரதிக்ஞையை மீறினான் என்று எடுத்துச் சொல்லி அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடிந்தது.

நம் பாளையக்காரரும் ஏறக்குறைய அந்த இனத்தைச் சேர்ந்தவரே. மதுரை நாயக்கர் காலத்தில் ஏற்பட்ட பாளையங்களுக்குக் காவல் ஒரு கடமை, கப்பம் ஒரு கடமை, படை திரட்டித் துணை வருவது ஒரு கடமை. பாஞ்சாலங்குறிச்சியாருக்குக் குலதெய்வம் சக்கம்மா. இஷ்டதெய்வம் திருச்செந்தூர் முருகன். அந்தப் பாளையத்தின் தலைவரான கட்டபொம்மன் மகாத்மா அல்லர். எட்டயபுரத்தோடு எல்லைத் தகராறும் பகையும் அவருக்கு உண்டு. 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் ஜாக்சனைக் காண இராமநாதபுரம் போன இடத்தில் கலகம் மூண்டது. மறு வருஷம் மேஜர் பானர்மன் படையோடு வந்து கோட்டையை முற்றுகையிட்டான். வெளியேறிய கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டார். தூக்குமரத்தடியில் அவர் அஞ்சாமல் நின்றதையும், கோட்டையை விட்டு வந்ததைக் காட்டிலும் அதைக் காத்து மடிந்திருக்கலாம் என்று வருந்தியதையும் பானர்மனே தன் மேலதிகாரிகளுக்கு எழுதினான். அந்த வருத்தத்தை ஊன்றி நோக்க வேண்டும். உயிர் பிழைப்பதற்கும் கோட்டையில் மடிவதற்கும் இடையே தெரிவு செய்ய நேர்ந்து, தான் தெரிந்துகொண்டது தவறென்று உணர்ந்தவனுடைய வருத்தம் அது. எந்தத் தெரிவினாலும் உயிருக்கு மோசம் வராதவனுக்கு அத்தகைய வருத்தம் வாய்ப்பதில்லை.

இனி அதிமானுட நாயகனிடம் வருவோம். அமெரிக்கத் தேசம் பொருளாதார மந்தத்தில் தவித்த நாட்களில், யூதக் குடும்பங்களைச் சேர்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற இரண்டு வாலிபர்கள் சிருஷ்டித்த சூப்பர்மேன் 1938இல் அச்சேறினான். நம் பக்கத்துக்கு அந்த வம்சத்தின் பிரதிநிதியாக 1972இல் வந்தவன் இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்தில் பிறந்த அவனைத் தமிழ் பேச வைத்தது சிவகாசியின் முத்து காமிக்ஸ். மின்சாரம் பாய்ந்தால் உடம்பெல்லாம் மறைந்து இரும்புக் கை மாத்திரம் அந்தரத்தில் நகரும் அந்த வினோதத்தை, தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கிக் கொடுத்த வீடுகளின் பிள்ளைகளும் கை மாற்றிக் கை மாற்றி, தாள் கிழியும் வரை படித்தார்கள். மழையையும் கங்காணியையும் வட்டிக்காரனையும் எதிர்பார்த்து நிற்கிற ஊரில், எவர் கண்ணிலும் படாமல் எந்தக் கதவையும் உடைக்கிற கை ஒன்று இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைப்பது பாபமாகாது. எளியவனுடைய ஆசைதான் அவ்வுருவம் எடுத்து வருகிறது.

ஆனால், ஆசைக்கு உருவம் கொடுக்கலாமே தவிர, அந்த உருவத்துக்குச் சௌரியம் கொடுப்பது சுலபமல்ல. குண்டு துளைக்காத மார்பைக் குண்டுக்கு எதிரே காட்டுவதில் என்ன துணிவு இருக்கிறது? சூப்பர்மேனின் கதையை எழுதியவர்களுக்கே இந்தச் சங்கடம் தட்டுப்பட்டது போலும். அவனை வாட்டுகிற பச்சைக் கல் ஒன்றைப் பிற்பாடு கதைக்குள் கொண்டுவந்தார்கள். 1992இல் அவனைச் சாகவும் வைத்தார்கள். மறு வருஷமே எழுப்பியும் விட்டார்கள். திரும்பி வருவான் என்று தெரிந்த சாவு, சந்தைக்குப் போய் வருவதைப் போன்றதே.

வரம்பற்ற பலத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு நம் புராணங்கள் வேறு வகையில் விடை சொல்கின்றன. குருக்ஷேத்திரத்தில் சர்வ வல்லமையும் படைத்தவன் ஆயுதம் எடுப்பதில்லையென்று சொல்லிக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டான். வில்லை ஏந்த வேண்டியவன், கை நடுங்கிய, சாகக்கூடிய அர்ஜுனன். தெய்வமே போருக்கு எழுகிற இடத்திலும் சங்கதி வேறு. திருச்செந்தூரிலும், கோவில்பட்டிக்கு அடுத்த கழுகுமலையிலும், கந்தசஷ்டி தோறும் நடக்கிற சூரசம்ஹாரத்தில் மாமரமாக நின்ற சூரன் பிளவுண்டு, மயிலாகவும் சேவலாகவும் மாறி, ஒன்று வாகனத்திலும் மற்றொன்று கொடியிலும் இடம் பெறுகிறான். பகைவனை ஆட்கொள்வதில் முடிகிறது தெய்வத்தின் பராக்கிரமம். அதிமானுட நாயகனோ தெய்வத்தின் பலத்தை வாங்கிக்கொண்டு அதன் அருளை விட்டுவிட்டான். மனிதனுடைய பகையை வைத்துக்கொண்டு மனிதனுடைய மரணத்தைத் தள்ளிவிட்டான். அவன் பகைவன் ஆட்கொள்ளப்படாமல் அடுத்த இதழில் மறுபடியும் வருவதற்கு வியாபாரம் மட்டும் காரணமல்ல.

பாஞ்சாலங்குறிச்சி எழுந்த கதையாக வழங்குவதில் வேட்டைநாய்களை ஒரு முயல் எதிர்த்துத் துரத்துகிறது. அதைக் கண்டுதான் அம்மண்ணில் கோட்டை கட்டினார்களாம். அந்த முயலுக்குப் புலியின் நகம் முளைக்கவில்லை, சிறகு முளைக்கவில்லை. கடிபட்டால் சாகும் முயலாகவே அது திரும்பி நின்றது. கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தில், போகிறவர் வருகிறவர் ஆளுக்கொரு கல் போட்டுப் போட்டு ஒரு கற்குவியலே சேர்ந்தது என்பார்கள். போரில் விழுந்தவனுக்குக் கல்லைத் தேடிக் கண்டு, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்துவதைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்தியிருக்கிறது. அந்தச் சடங்கைப் படித்தறியாத வண்டிக்காரனும் அதன் சாரத்தை அந்த ஒரு கல்லில் செய்து முடித்தான். சாகக்கூடியவன் சாவை ஏற்ற பிறகே இந்த மண்ணில் அவனுக்குத் தெய்வத்துவம் வருகிறது.

அப்படியானால், பாஞ்சாலங்குறிச்சிப் போரில் அதிமானுட நாயகனுக்கு ஒப்பாக நின்றது யார்? 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, இடித்துத் தள்ளிய கோட்டையை மண்ணால் மறுபடி எழுப்பி, கம்பெனியின் முதல் தாக்குதலைச் சிதறடித்தார். மே மாதம் கர்னல் அக்னியூ பீரங்கிகளோடு வந்து கோட்டையைப் பிடித்தான். நவம்பரில் ஊமைத்துரையையும் தூக்கிலிட்டார்கள். ஒரு தளபதி தோற்றால் மற்றொரு தளபதி, ஒரு படை அழிந்தால் மற்றொரு படை என்று கம்பெனிக்கு வந்துகொண்டேயிருந்தது. உடம்பு இல்லாத அந்த ஸ்தாபனத்தைத் தூக்கிலிட எந்தப் புளியமரமும் கிடையாது. எதிரியின் அடி தன் உயிரைத் தொடாத இடத்திலிருந்து அடிக்கிற பலம் அதனிடமே இருந்தது. அந்த பலம் நல்லவன் கையில் இருந்தால் நன்மையாகிவிடும் என்று நாம் பிள்ளைகளுக்குப் படக்கதைகளில் கற்பிக்கிறோம். நல்லவன் என்பதற்கு அவன் வார்த்தையைத் தவிர வேறு ஈடு இல்லாதவரை, அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் ஒன்றுமில்லை. உயிரையே ஈடாக வைத்தவனிடம் மட்டும் அந்தச் சந்தேகம் எழுவதில்லை. கரிசல் ஜனங்கள் அவனுக்கே கல் வைத்தார்கள் என்பதில் அவர்களுடைய நியாயம் பழுதற்றது.